பரவியதா, பரப்பினோமா, பதியம் போட்டோமா?

'ப்ராபகேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும். இயற்பியல் வாத்தியார் 'பரவல்' என்பார். தோட்டக்கலை படித்தவர் 'பயிர்ப்பெருக்கம்' அல்லது 'இனப்பெருக்கம்' என்பார். ஹாம் ரேடியோ வைத்திருப்பவர் மொழிபெயர்க்கவே மாட்டார், "இன்னைக்கு ப்ராபகேஷன் சரியில்லை" என்று அப்படியே சொல்வார். வழக்கறிஞர் அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவைக் காட்டி 'பரப்புதல்' என்பார். அதன் நெருங்கிய உறவான 'ப்ராபகண்டா'வுக்கோ பிரச்சாரம், பரப்புரை என்று இரண்டு சொல் இருக்கிறது.

ஒரு சொல்லுக்கு ஐந்தாறு தமிழ்ச் சொல் இருப்பதில் தப்பே இல்லை. இடத்துக்கு இடம் வேலை வேறு, சொல்லும் வேறாக இருக்கட்டும். என் குறை வேறு. செடி ஒன்றை விட்டால் மற்ற எல்லா இடத்திலும் நாம் 'பரவு' என்ற ஒரே வேரையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலச் சொல்லின் ஆதி வேலை பரவுவதே அல்ல. இந்த வித்தியாசம் அகராதிக்காரர்கள் பிரச்சினை மட்டும்தானே என்று தோன்றலாம். இல்லை. இதில் ஒரு சட்டத் தீர்ப்பும் ஒரு கொலையும் மாட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கொடியை வளைக்கிற கை

லத்தீனில் 'ப்ரொபாகோ' என்றால் பதியம். திராட்சைக் கொடியின் ஒரு கிளையை, தாய்க்கொடியிலிருந்து வெட்டாமலே வளைத்து, மண்ணுக்குள் புதைத்து, வேர் விட்ட பிறகு வெட்டி எடுப்பது. நம்மூரில் மல்லிகைக்குச் செய்கிற அதே வேலை. ரோமானியரான கேட்டோ கி.மு. 160 வாக்கில் எழுதிய விவசாய நூலில் இதற்கு முறை சொல்லியிருக்கிறார். மரத்திலேயே வைத்துச் செய்யும் முறையும் அதில் உண்டு. அடியில் ஓட்டை போட்ட சட்டி அல்லது கூடைக்குள் கிளையை நுழைத்து, மண்ணை நிரப்பி, வேர் பிடித்ததும் கீழே வெட்டிக் கூடையோடு கொண்டுபோய் நட வேண்டும். கொய்யாவுக்கும் மாதுளைக்கும் நாம் போடுகிற விண்பதியம் தான் இது. அவருக்குப் பாலித்தீன் தாள் கிடைக்கவில்லை, அவ்வளவு தான் வித்தியாசம்.

இந்தச் சொல்லின் அடியில் இருப்பது 'பாக்' என்ற வேர். ஊன்று, பொருத்து, பதி என்று பொருள். அதே வேரிலிருந்து லத்தீனில் இன்னும் இரண்டு சொற்கள் முளைத்தன. ஒன்று 'பாகினா'. திராட்சைப் பந்தல் வரிசைக்கும் எழுத்துப் பத்திக்கும் அது தான் பெயர், இன்றைய ஆங்கில 'பேஜ்' அங்கிருந்து வந்தது. இன்னொன்று 'பாகுஸ்'. எல்லைக்கல் ஊன்றி வகுத்த கிராம வட்டாரம். அந்த வட்டாரத்து ஆள் 'பாகானுஸ்'. பிற்காலத்தில் கிறிஸ்தவர் அல்லாதவரைக் குறித்த 'பேகன்' அது தான். யாரிடம் மதத்தைக் கொண்டுபோனார்களோ அவர்களுடைய பெயரும், கொண்டுபோன வேலையின் பெயரும் ஒரே வேர்!

இப்போது தமிழுக்கு வாருங்கள். 'பதி' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊன்றுவது, அழுத்தி நிறுத்துவது. அதிலிருந்து பதியம், பதியன். அதிலிருந்தே பதிப்பு, பதிவு. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிற இந்த வலைப்பதிவும் அந்தக் குடும்பம் தான். 'பதி' என்றால் ஊர், இருப்பிடம் என்றும் பழைய தமிழில் பொருள் உண்டு. கொடி, பக்கம், ஊர் என்று லத்தீன் வேர் எந்த மூன்று இடத்துக்குப் போனதோ, தமிழ் 'பதி'யும் அதே மூன்று இடத்துக்குப் போயிருக்கிறது.

உடனே 'லத்தீனே தமிழிலிருந்து வந்தது' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இரண்டுக்கும் ரத்த உறவு கிடையாது. மண்ணில் ஒன்றை ஊன்றி, அது நிற்கிறதா என்று பார்த்த இரண்டு விவசாய சமூகங்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. எனக்கு அதுவே போதுமான ஆச்சரியம். ப்ராபகேஷனுக்கு நேர் தமிழ் எது என்று கேட்டால் 'பதியம் போடுதல்' என்பேன்.

2. விதை வேறு, பதியம் வேறு

ஆங்கிலத்தில் செய்தி பரப்புவதைச் சொல்ல வயலிலிருந்து வந்த சொற்கள் மூன்று உண்டு. 'பிராட்காஸ்ட்' என்பது முதலில் விதையைக் கையால் வீசி விதைப்பது. வானொலிக்கு அது பிறகு தான் போனது. 'டிஸெமினேட்' என்பதற்குள்ளும் விதை இருக்கிறது. மூன்றாவது ப்ராபகேட்.

முதல் இரண்டும் தூவுகிற வேலை. வீசியவன் வீட்டுக்குப் போய்விடலாம். முளைப்பது முளைக்கும், காக்கா தின்பதைத் தின்னும். முளைத்ததும் அப்பன் மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல மாம்பழம் தின்று கொட்டையைப் போட்டவர்களுக்கு இது தெரியும். வருகிற மரத்தின் காய் பல சமயம் வேறு ருசி. அதனால் தான் மாவுக்கு ஒட்டு கட்டுகிறோம், முருங்கைக்குப் போத்து நடுகிறோம், கரும்புக்குக் கரணை வைக்கிறோம்.

பதியத்தில் இருக்கிற மூன்று விஷயம் தூவுவதில் இல்லை. முதலில், ஒரு கை வேண்டும். கிளை சில சமயம் தானாகவே தரையில் பட்டு வேர் விடும் தான், ஆனால் தோட்டத்தில் யாராவது வளைக்க வேண்டும். இரண்டாவது, வேர் பிடிக்கும் வரை தாய்ச்செடி தான் சோறு போடும். மூன்றாவது, பிறப்பது அச்சு அசல் அதே செடி. மாற்றமே கிடையாது.

'பரவல்' என்று சொல்லும்போது இந்த மூன்றும் போய்விடுகின்றன. எண்ணெய் பரவுகிறது, தீ பரவுகிறது, புகை பரவுகிறது. அங்கே யாரும் இல்லை.

3. நடப்பட்ட மதம், நடப்பட்ட ஊர்

1622இல் போப் பதினைந்தாம் கிரகோரி ரோமில் ஒரு பேராயத்தை அமைத்தார். பெயரில் 'தெ ப்ரொபகாண்டா ஃபிதே' என்று வரும். விசுவாசத்தைப் பெருக்குவதற்கானது என்று அர்த்தம். 'ப்ராபகண்டா' என்ற சொல் உலகத்துக்குள் நுழைந்த வாசல் இது. அன்றைக்கு அதில் கெட்ட வாடை இல்லை. வேலை பதிய வேலை தான். கொடி ரோமில், கிளை தூர தேசத்தில், ஆனால் சாறு ரோமிலிருந்து போக வேண்டும், வருகிற செடி மாறக் கூடாது.

ஆங்கிலேயத் திருச்சபைக்கு 1701இல் ஒரு சங்கம் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'ப்ராபகேஷன்' இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் எஸ்.பி.ஜி. என்றால் புரியும். கால்டுவெல் அந்தச் சங்கத்துக்காரர். 1841 முதல் இடையன்குடியில் இருந்தவர், அந்த ஊருக்கே தெரு பிரித்து வரைபடம் போட்டவர். அந்தப் பகுதியில் முதலூர் மாதிரி புதுசாக உண்டாக்கிய கிறிஸ்தவ ஊர்கள் உண்டு. பழைய ஊரில் இருக்க முடியாதவர்களுக்கு நிலம் வாங்கி ஊரையே நட்டார்கள். பதியமும் 'பதி'யும் ஒன்றாகச் சேர்ந்த இடம். அதே சங்கத்துக்குக் கரீபியக் கடலில் பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டமும் இருந்தது. அங்கே அடிமைகளின் உடம்பில் 'சொசைட்டி' என்று சூடு போட்டிருக்கிறார்கள். 2006இல் இங்கிலாந்துத் திருச்சபை இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது. பதிப்பது என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் இருந்திருக்கிறது.

திராட்சைக்கே ஒரு கதை உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்கு 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்கிறார்கள். குச்சியை நட்டு வளர்க்கிற கொடி அது. ஒரே ஆள், ஒரே சொல்லின் இரண்டு அர்த்தத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

'ப்ராபகண்டா' நாறத் தொடங்கியது முதல் உலகப் போரில். 1933இல் ஹிட்லர் அரசு அந்தப் பெயரில் ஒரு அமைச்சகமே திறந்ததும் மீட்சி இல்லாமல் போயிற்று. தமிழில் இந்த நாற்றம் ஒட்டவில்லை. 'தேர்தல் பரப்புரை' என்று கட்சிகளே பெருமையாகப் போட்டுக்கொள்கின்றன. கெட்டதைச் சொல்ல வேண்டுமானால் 'பொய்ப் பிரச்சாரம்', 'விஷமப் பிரச்சாரம்' என்று ஒரு அடைமொழி தேவைப்படுகிறது. பிரச்சாரம் என்பதும் 'முன்னே செல்வது' என்ற பொருளில் வந்த வடசொல் தான். அங்கேயும் நகர்ச்சி உண்டு, நடுகிற கை இல்லை.

4. அரசியல் சாசனத்தில் ஒரு சொல்

நம் அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு எந்த மதத்தையும் ஏற்கவும் கடைப்பிடிக்கவும் 'ப்ராபகேட்' செய்யவும் உரிமை தருகிறது. தமிழில் இதைப் பெரும்பாலும் 'பரப்பவும்' என்று எழுதுகிறோம். வரைவில் இது 19ஆம் பிரிவு. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்த ஒரு சொல்லுக்காகக் கடும் விவாதம் நடந்தது. ஒரிசாவின் லோகநாத் மிஸ்ரா இதை எடுத்துவிட வேண்டும் என்றார். சென்னை மாகாணத்திலிருந்து போன டி.டி.கிருஷ்ணமாச்சாரி, தான் 14 வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் யாரும் தன்னை மதம் மாற்றப் பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லை ஆதரித்தார். இது சிறுபான்மையினரோடு செய்துகொண்ட சமரசம் என்று நினைவுபடுத்தினார் கே.எம்.முன்ஷி. சொல் தங்கியது.

அதற்கு என்ன பொருள் என்ற கேள்வி 1977இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசம், ஒரிசா ஆகிய இரண்டு மாநிலங்களின் மதமாற்றத் தடைச் சட்டங்கள் மீதான ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கு. தலைமை நீதிபதி ஏ.என்.ராய் தீர்ப்பில் அகராதிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் பரப்புவது என்ற பொருளைக் கொண்டார்கள். ஆகவே, கோட்பாடுகளை விளக்கிப் பரப்ப உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை கிடையாது என்று தீர்ப்பு. சட்டங்கள் நின்றன.

சொல்லை வைத்துப் பார்த்தால் நடந்தது இது தான்: பதியத்தை எடுத்துவிட்டுத் தூவலை வைத்துக்கொண்டார்கள். விதையை வீசலாம், முளைக்க வைக்கிற உரிமை உனக்கு இல்லை. அகராதியில் இரண்டு அர்த்தமும் இருக்கிறது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்ட அறிஞர் எச்.எம்.சீர்வாய் இந்தத் தீர்ப்பு தவறு என்று எழுதினார். ஒருவர் தன் மதத்தை எடுத்துச் சொல்லி இன்னொருவரை மாற்ற முயன்றால் கேட்பவரின் மனசாட்சிச் சுதந்திரம் கெடாது, அவருக்குத் தேர்வு கிடைப்பதால் அது வலுப்படவே செய்யும் என்பது அவர் வாதம்.

எனக்குப் படுவது: தீர்ப்பு, மதமாற்றத்துக்கு எதிரான வாதம் இரண்டுமே கேட்பவரை மண்ணாகத் தான் பார்க்கின்றன. யாரோ வந்து எதையோ நட்டுவிடுவார்கள், மண் சும்மா கிடக்கும் என்ற படம். 'பரப்புதல்' என்ற தமிழும் அதே படம் தான், பரப்பப்படுவதற்கு ஒரு தரை வேண்டுமே. சீர்வாய் மட்டும் கேட்பவரையும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார். மண்ணுக்கு மனசு இல்லை. மனுஷனுக்கு உண்டு. வேண்டாம் என்று சொல்லலாம், சரி என்று தலையாட்டலாம், கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். பலாத்காரத்தையும் ஏமாற்றையும் தடுக்கச் சட்டம் இருக்கட்டும், அது நியாயம். ஆனால் தானாக யோசித்து முடிவெடுத்தவரை 'மாற்றப்பட்டவர்' என்று செயப்பாட்டுவினையில் எழுதும்போது அவர் எடுத்த முடிவை அவரிடமிருந்து பிடுங்கி விடுகிறோம்.

5. அலைக்குப் 'பரவல்' சரி

நான் 'பரவல்' என்ற சொல்லுக்கே விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். அலைக்கு அது அருமையான சொல். குளத்தில் கல் போட்டால் தண்ணீர் கரைக்கு ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது, அசைவு மட்டும் போகிறது. யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. தன்வினை தான் பொருத்தம்.

ஆனால் ஒரு சுவாரசியம். 1690இல் ஹைகன்ஸ் ஒளியைப் பற்றி எழுதிய நூலில் அலைமுகத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புது அலைக்குத் தாயாகிறது என்று விளக்கினார். வேர் விட்ட இடத்திலிருந்து மறுபடி கிளை, அந்தக் கிளை மறுபடி வேர். இயற்பியலுக்குள் போன பிறகும் பழைய கொடி முழுக்க வாடிவிடவில்லை.

நோய்க்கும் 'பரவல்' பொருந்தும். கொரோனா காலத்தில் 'சமூகப் பரவல்' என்று எல்லோரும் சொன்னோம். தனக்குத் தொற்றியதே தெரியாமல் ஒருவர் இருமியதற்கு அவரைக் கர்த்தா ஆக்குவது அநியாயம். அப்போது 'இவங்க தான் பரப்பினாங்க' என்று ஒரு கூட்டத்தையே கைகாட்டியவர்களையும் பார்த்தோம். இலக்கணத்தில் தன்வினையைப் பிறவினையாக மாற்றினார்கள், அதற்கு வாழ்க்கையில் சிலர் விலை கொடுத்தார்கள்.

6. 'வாட்ஸ்அப்பில் பரவிய செய்தி'

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் வயதான ஒரு பெண் இறந்துபோனார். அதற்கு முன்பிருந்தே பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் நாட்டின் பல மாநிலங்களில் இப்படிக் கொலைகள் நடந்தன.

இதைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாகப் போடுகிற வாக்கியம்: 'வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது.' புகை பரவுகிற மாதிரி.

இங்கே தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே 'ப்ராபகேட்' தன்வினையாகவும் வரும் பிறவினையாகவும் வரும். யார் செய்தது என்பதை நைசாக நழுவவிடலாம். தமிழில் முடியாது. 'பரவு' என்பதா 'பரப்பு' என்பதா என்று எழுதுகிறவர் முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த முடிவை யோசிக்காமல் எடுக்கிறோம் என்பது தான் என் புகார். நமக்குப் பிடிக்காதவர்கள் செய்தால் 'பரப்பினார்கள்', நம் சித்தப்பா குடும்பக் குரூப்பில் போட்டால் 'பரவிச்சு'.

ஃபார்வர்டு செய்வது தூவலும் இல்லை. அச்சு அசல் அதே எழுத்து, அதே படம், அதே எழுத்துப்பிழையோடு இன்னொரு மண்ணில் போய் உட்காருகிறது. சாறு எங்கிருந்து வருகிறது? 'எங்க அத்தை அனுப்பினாங்க' என்ற நம்பிக்கையிலிருந்து. வேர் பிடிக்கும் வரை அந்த உறவு தான் சோறு போடுகிறது. கை, தாய்ச்செடி, அச்சு அசல் நகல் என்று பதியத்தின் மூன்று அடையாளமும் இதில் பொருந்துகின்றன.

கை தான் காரணம் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2018இல் வொசூகி, ராய், ஆரல் மூவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த ஏறக்குறைய 1,26,000 செய்திகள். உண்மையை விடப் பொய் மறுபகிர்வாகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். இதற்குக் காரணம் தானியங்கி பாட்டுகள் இல்லை, மனிதர்கள் தான் என்றும் காட்டினார்கள்.

வாட்ஸ்அப் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத் தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே பிறகு சொன்னது. செய்தியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் விரலை மறுபடி அசைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு தான். புகையாக இருந்திருந்தால் இதற்கெல்லாம் நின்றிருக்குமா?

7. என்ன செய்யலாம்

புதுச் சொல் உண்டாக்கச் சொல்லவில்லை. கலைச்சொல் அகராதியில் 'பரவல்' என்பதை அடித்துவிட்டு 'பதியம்' என்று எழுதினால் இயற்பியல் மாணவர் திட்டுவார், நியாயமாகவே திட்டுவார். இருக்கிற சொற்களைப் பார்த்துப் போட வேண்டும் என்பது தான் கோரிக்கை.

கர்த்தா இல்லாத இடத்தில் பரவல்: அலை, தீ, நோய். ஒருவர் தெரிந்தே செய்தால் பரப்புதல், எழுவாயோடு எழுதுங்கள், யார் பரப்பினார்கள் என்று. தாயிடமிருந்து மாறாமல் நகலெடுத்து, நம்பிக்கை என்ற சாறு கொடுத்து இன்னொரு இடத்தில் ஊன்றுவதற்குப் பதியம். அச்சு அசலாக வந்து உட்காருகிற ஃபார்வர்டுகளையும் கட்சி ஐ.டி. பிரிவுகளின் வேலையையும் விவரிக்க 'பரப்புரை' போதாது, 'பதியம் போடுகிறார்கள்' என்று எழுதிப் பாருங்கள். என்ன நடக்கிறது என்று சட்டெனப் புரியும்.

ஆனால் பதியம் என்ற உவமையும் ஒரு இடத்தில் உடைகிறது, அதை மறக்க வேண்டாம். செடிக்கு மண் வேறு, தோட்டக்காரர் வேறு. செய்தி வந்து சேர்கிற மனிதர் மண்ணும் தான், தோட்டக்காரரும் தான். தன் போனில் வந்து விழுந்ததை அடுத்தவருக்கு வளைத்து ஊன்றுவதா, அங்கேயே காயவிடுவதா என்று தீர்மானிக்கிற கை அவருடையது. அடுத்த முறை 'பரவி வருகிறது' என்று எழுத வரும்போது, யார் யார் கை வழியாக என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு எழுதினால் நல்லது.